அடிவாங்கப் பறக்கும் விமானம்: 'டார்கெட் ட்ரோன்' தமிழில் என்ன?

'டார்கெட் ட்ரோன்' என்பதைச் சிலர் 'இலக்கைத் தாக்கும் ட்ரோன்' என்று எழுதிவிடுகிறார்கள். பொருள் அப்படியே தலைகீழாகிவிடுகிறது. இது யாரையும் தாக்கச் செய்யப்பட்டதல்ல. பீரங்கிக்காரரும் ஏவுகணை விடுபவரும் குறி பழகுவதற்காக வானில் விடப்படும் ஆளில்லா விமானம். ஜெட் இயந்திரம் பூட்டியிருந்தால் ஜெட் டார்கெட் ட்ரோன்.

இப்படி ஒன்று ஏன் தேவை என்று திருகோணமலைக்காரருக்கு நீட்டி முழக்கத் தேவையில்லை. 1942 ஏப்ரல் 9 காலை யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் குண்டுவீசித் தாக்கின. முதல் நாள் இரவு இங்கிருந்து புறப்பட்ட விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ், அன்றே மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. பாய்ந்து வரும் விமானத்தைக் கீழிருந்து சுட்டு விழுத்துவது லேசான காரியம் இல்லை, பழகித்தான் ஆகவேண்டும். அந்நாளில் வழக்கமான பயிற்சி, ஒரு விமானம் நீளமான கம்பியில் துணிக்குழாய் ஒன்றை இழுத்துச் செல்ல, பீரங்கிகள் அந்தத் துணியைச் சுடுவது. இழுக்கிற விமானத்தில் ஆள் இருக்கிறார். அதனால் அது எதிரி விமானம் போலக் கப்பலை நோக்கிப் பாய்ந்து வரமுடியாது.

ஆளே இல்லாமல் பறக்கவிட்டால் என்ன என்று பிரித்தானியர் 1930களில் முயன்றார்கள். 1935இல் வந்தது 'குயீன் பீ', அதாவது இராணித் தேனீ. மரத்தாலான இருசிறகு விமானம். வானொலி அலை வழியே கட்டுப்படுத்தப்பட்டது. அதை ஓட்டியவர் கையில் இருந்தது பழைய தொலைபேசியில் உள்ளதைப் போன்ற சுழல்வட்டு. எண்ணைச் சுழற்றினால் கட்டளை மேலே போகும், விமானம் திரும்பும்.

அமெரிக்கக் கடற்படைத் தளபதி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, தங்களுக்கும் அப்படி வேண்டும் என்றார். அந்த வேலையை ஏற்ற டெல்மர் ஃபார்னி தன் விமானங்களை 'ட்ரோன்' என்று அழைத்தார். ஆங்கிலத்தில் ட்ரோன் என்றால் ஆண் தேனீ. பழைய ஆங்கிலத்திலிருந்தே வரும் சொல். அங்கே இராணித் தேனீ, இங்கே ஆண் தேனீ. ஆகவே ட்ரோன் என்ற சொல் வானத்துக்கு ஏறியபோது அதன் பொருளே 'சுடப்படுவதற்கான விமானம்' என்பதுதான். வேவு, தாக்குதல், கல்யாண வீடியோ எல்லாம் அப்புறம் வந்தவை.

வன்னியில் போர்க்காலத்தில் வேவு பார்க்க வந்த ஆளில்லா விமானத்தை எங்கள் சனம் 'வண்டு' என்றது. 'வண்டு சுத்துது' என்றால் குண்டுவீசும் கிபிர் ஜெட் வரப்போகிறது என்ற பயம். எந்த அகராதியையும் புரட்டாமல், இரைச்சலைக் காதால் கேட்டு வைத்த பெயர் அது. ஆங்கிலக்காரன் தேனீயிடம் போன இடத்துக்கே எங்கள் மக்களும் தாமாகப் போய்ச் சேர்ந்தார்கள். அந்தச் சொல்லுக்குள் எத்தனை இரவுகளின் நடுக்கம் இருக்கிறது என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். அதை இழக்கக்கூடாது. ஆனால் அது வேவு விமானத்துக்கே உரிய பெயர். டார்கெட் ட்ரோனுக்குப் பொருந்தாது.

சரி, ஜெட்டுக்கு வருவோம். போர் விமானங்கள் ஜெட்டுக்கு மாறியதும் விசிறி வைத்த இலக்குகள் மெதுவாகிப் போயின. அமெரிக்காவின் ரயன் நிறுவனம் செய்த 'ஃபயர்பீ' 1951இல் பறந்தது. பெயரிலேயே தேனீ இருக்கிறது. பின்னர் வந்த வடிவத்தின் நீளம் சுமார் 7 மீற்றர், வேகம் மணிக்கு 1,100 கிலோமீற்றர் அளவு. வேறொரு விமானத்தின் இறக்கையிலிருந்தோ தரையில் ரொக்கெட் உந்தலிலோ கிளம்பும். வேலை முடிந்ததும் பரசூட் விரித்து இறங்கும். ஒவ்வொரு முறையும் அது சிதறவேண்டும் என்றில்லை. ஏவுகணை எவ்வளவு அருகால் போனது என்பதை அளக்கும் கருவி உள்ளே இருக்கும். உருவம் சிறிது என்பதால், ராடரில் பெரிய விமானமாகத் தெரிய எதிரொலிப்பான்களைப் பொருத்துவார்கள். வெப்பத்தைத் தேடிவரும் ஏவுகணைக்கு இறக்கை நுனியில் வெப்பச்சுடர் எரியும்.

அவுஸ்திரேலியா 1952இல் பறக்கவிட்டது 'ஜிண்டிவிக்'. அது அந்நாட்டுப் பழங்குடிச் சொல். வேட்டையாடப்படுவது என்று பொருள். அமெரிக்காவின் இலக்கு விமானம் 'சுக்கார்'. அது ஒரு கவுதாரி இனப் பறவையின் பெயர், அதுவும் வேட்டைக்காரனின் குறி. இந்தியா பெங்களூரில் உருவாக்கியது 'லக்ஷ்யா'. எங்கள் 'இலக்கு' அதன் உறவுச்சொல். பெயர் வைத்தவர்கள் பொருளைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

சுடப்படப் பிறந்தது போருக்கும் போனது. ஃபயர்பீக்குக் கமெரா பூட்டி, 1964 முதல் வியட்நாம், சீன வான்பரப்பில் ஆயிரக்கணக்கான தடவைகள் வேவுக்கு அனுப்பினார்கள். 1973 போரில் இஸ்ரேல் எதிரியின் ஏவுகணைகளை வீணாக்க இவற்றை முன்னே விட்டது. 1991இல் ஈராக்கின் மேல் சுக்கார்கள் பறந்தபோது, உண்மை விமானம் என்று நம்பி ஈராக்கியர் ராடர்களை இயக்கினார்கள். இயங்கிய ராடர்களைத் தேடி ஏவுகணைகள் வந்தன. அங்கே அவை இலக்கு அல்ல, பொறி. அந்த வேலைக்குத் தமிழில் 'ஏய்ப்பு விமானம்' என்று தனியாகச் சொல்லலாம்.

ஜெட்டுக்குத் 'தாரை' என்ற சொல் உண்டு; தாரை தாரையாகக் கண்ணீர் வடிந்தது என்கிறோமே, அதே தாரை. பின்பக்கமாகப் பீச்சியடிக்கும் வளியின் உந்தலில் முன்னே போவதால் பொருத்தம்தான். பாடநூலுக்கு 'தாரை இலக்கு வானூர்தி' நல்லது. செய்திக்கு என் தெரிவு 'ஆளில்லா இலக்கு விமானம்'. வேகம் முக்கியமானால் முன்னால் 'ஜெட்' சேர்க்கலாம், அது தமிழாகிவிட்ட சொல். 'இலக்கு ட்ரோன்' என்று மட்டும் விட்டால் பழைய குழப்பம் திரும்ப வரும். முதல் தடவை எழுதும்போது 'சூட்டுப் பயிற்சிக்கான ஆளில்லா இலக்கு விமானம்' என்று முழுதாக எழுதிவிட்டு, பிறகு 'இலக்கு விமானம்' என்று சுருக்கிக்கொள்ளலாம்.