கருத்த நிலாவைக் கவைக்கோலால் குத்திய ஊர்

1783 ஆகஸ்ட் 27. மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பு, பாரிசுக்கு வடகிழக்கே கொனெஸ் என்ற ஊரின் வயலில், மழைமேகத்துக்குள்ளிருந்து ஓர் ஆளைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் உயரமான உருண்டை இறங்கியது. தரையில் பட்டு எழும்பியது. சரிந்தது, மறுபடி எழும்பியது. சீறியது. கிட்டப் போனவர்களுக்கு அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. ஊரார் கவைக்கோல்களையும் கத்திகளையும் எடுத்துவந்து குத்தினார்கள். துப்பாக்கியால் சுட்டதாகவும், கிழிந்ததைக் குதிரையின் வாலில் கட்டி வயல்வெளி முழுக்க இழுத்துப்போனதாகவும் அக்கால விவரிப்புகள் சொல்கின்றன.

ஹைட்ரஜன் நிரப்பி மனிதர் பறக்கவிட்ட முதல் பெரிய பலூனின் முடிவு அது. இந்தச் சம்பவத்தைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஊராரின் அறியாமையைத்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது நியாயமில்லை. அந்த மக்கள் கண்டதும் கேட்டதும் முகர்ந்ததும் எதுவும் கற்பனையில்லை. ஒவ்வொன்றுக்கும் பலூனைச் செய்த விதத்திலேயே காரணம் இருந்தது.

அந்த ஆண்டு ஜூன் 4-இல் தெற்குப் பிரான்சின் அனோனே ஊரில் மோன்கோல்ஃபியே சகோதரர்கள் துணியும் காகிதமும் சேர்த்த ஒரு பையை வைக்கோலும் கம்பளியும் எரித்து மேலே அனுப்பியிருந்தார்கள். செய்தி பாரிசுக்கு வந்தபோது உள்ளே இருந்தது வெறும் சூடான காற்று என்ற விவரம் கூடவே வரவில்லை. பாரிசில் இருந்த இயற்பியலாளர் ழாக் சார்லஸ், காற்றைவிட எடை குறைந்தது ஹைட்ரஜன்தானே, அதைக் கொண்டே செய்யலாம் என்று இறங்கினார். பள்ளி வேதியியலில் வாயுக்களின் விரிவைப் பற்றி வரும் சார்லஸ் விதிக்குப் பெயர் தந்தவர் இவர்தான். கட்டும் பொறுப்பு ரொபேர் சகோதரர்களுக்கு. பணம், ஃபோஜா த சேன்ஃபோன் என்ற நிலவியலாளர் பொதுமக்களிடம் திரட்டிய சந்தா.

ஹைட்ரஜன் மிகச் சிறிய மூலக்கூறு. சாதாரணத் துணியின் இழைகளுக்கு நடுவே ஓடிவிடும். ரொபேர் சகோதரர்கள் ரப்பரை டர்பன்டைனில் கரைத்து, அந்தப் பசையைப் பட்டுத்துணியில் பூசினார்கள். டர்பன்டைன் ஆவியாகிப் போனதும் மெல்லிய ரப்பர் படலம் துணியில் நிற்கும். அந்தத் துணியைப் பட்டை பட்டையாக வெட்டித் தைத்துச் செய்த கோளத்தின் குறுக்களவு சுமார் 4 மீட்டர், கொள்ளளவு சுமார் 35 கனமீட்டர்.

அவ்வளவு காற்றின் எடை 42 கிலோ. அதே இடத்தில் தூய ஹைட்ரஜன் இருந்தால் 3 கிலோ. வித்தியாசமான 39 கிலோதான் மொத்தத் தூக்குவிசை. துணி, தையல், ரப்பர், உள்ளே தங்கிவிட்ட காற்று, ஈரம் எல்லாம் இதிலிருந்து கழிய வேண்டும்.

அந்த 3 கிலோ வாயுவைத் தயாரிப்பதுதான் பெரும்பாடு. இரும்பின்மேல் கந்தக அமிலத்தை ஊற்றினால் ஹைட்ரஜன் வரும். 56 கிராம் இரும்பும் 98 கிராம் அமிலமும் சேர்ந்தால் கிடைப்பது வெறும் 2 கிராம். அப்படியானால் ஏட்டுக் கணக்குப்படி 84 கிலோ இரும்பும் 147 கிலோ அமிலமும் போதும். அவர்கள் செலவழித்ததோ ஏறக்குறைய அரை டன் இரும்புத்துண்டுகள், கால் டன் அமிலம். மிச்சம் எங்கே போயிற்று என்று பார்த்தால் பலூன்காரரின் தலைவலி முழுவதும் தெரியும்.

இரும்பும் அமிலமும் சேரும்போது கலவை கொதிக்கிற அளவுக்குச் சூடேறும். வாயு குழாய் வழியே சூடாகவும் நீராவியோடும் பைக்குள் போகிறது. 60 டிகிரியில் போனதாக வைத்துக்கொள்வோம். அந்தச் சூட்டில் ஈரம் நிறைந்த வாயுவின் ஐந்தில் ஒரு பங்கு வெறும் நீராவி. பைக்குள் போய் 20 டிகிரிக்கு ஆறியதும் நீராவி தண்ணீராகி வடியும். மீதி வாயுவும் எட்டில் ஒரு பங்கு சுருங்கும். 10 பங்கு ஏற்றினால் கையில் நிற்பது 7. மாலையில் உப்பியிருந்த பை காலையில் துவண்டு கிடக்கும். கூடவே வரும் அமிலத் திவலைகள் பட்டுத்துணியை அரிக்கும். வாயுவைத் தண்ணீருக்குள் விட்டுக் குளிரவைத்துக் கழுவியிருந்தால் இவ்வளவு அல்லல் இல்லை. சார்லசின் முதல் அமைப்பில் குளிர்விக்கும் ஏற்பாடு இல்லை. நிரப்பி முடிக்க ஏறக்குறைய 4 நாள் ஆயிற்று.

அந்த 4 நாளும் பாரிஸ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. இன்று இவ்வளவு நிரம்பியது என்று தினமும் அறிவிப்பு வந்தது. பட்டறை இருந்த சதுக்கத்தில் கூட்டம் நெருக்கியது. அதனால்தான் 26-ஆம் தேதி இரவோடிரவாக, தீவட்டி வெளிச்சத்தில், காவலோடு, பலூனை 4 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஷாம்ப் த மார்ஸ் மைதானத்துக்கு வண்டியில் கொண்டுபோனார்கள். இப்போது ஈஃபில் கோபுரம் நிற்பதற்குப் பக்கத்து மைதானம் அது. இருட்டில் இந்த ஊர்வலத்தைக் கண்ட குதிரைவண்டிக்காரர்கள் வண்டியை நிறுத்தி, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்து, முழந்தாளிட்டு நின்றார்கள் என்று ஃபோஜாவே எழுதிவைத்திருக்கிறார். அவர்கள் பாரிஸ்காரர்கள். மறுநாள் மைதானத்தில் கைதட்டிய அதே நகரத்து ஆட்கள். என்ன, எதற்கு என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாமல் திடீரென்று எதிரே வந்தால் நகரத்தானும் மண்டியிடுவான்.

மறுநாள் மாலை 5 மணிக்குப் பீரங்கி முழங்க, கயிறு அவிழ்க்கப்பட்டது. கொட்டும் மழையிலும் கூட்டம் கலையவில்லை. பலூன் சில நிமிடங்களில் மேகத்துக்குள் போய்விட்டது. அதன்பின் அது எங்கே போகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. 45 நிமிடத்தில் சுமார் 20 கிலோமீட்டர் போயிருக்கிறது. மேலே காற்று மணிக்கு 27 கிலோமீட்டர் வேகத்தில் அடித்திருக்க வேண்டும்.

அது ஏன் அவ்வளவு சீக்கிரம் இறங்கியது? பையை முழுக்க நிரப்பி, வாயை இறுக்கி மூடியிருந்தார்கள். உயரே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். 1 கிலோமீட்டர் உயரத்திலேயே பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். உள்ளே இருக்கும் வாயு விரியப் பார்க்கும், விரிய இடமில்லை. துணியின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 0.1 கிலோ கூடுதல் அழுத்தம். கேட்கச் சிறிதாக இருக்கும். ஆனால் 4 மீட்டர் கோளத்தில் அது தையலின் ஒவ்வொரு சென்டிமீட்டர் நீளத்தையும் 10 கிலோ எடையால் இழுப்பதற்குச் சமம். அமிலம் பட்டு நைந்த பட்டுத் தையல் அதைத் தாங்காது. கிழிந்த இடம் வழியே வாயு கசிய, பலூன் இறங்கியது.

இனி கொனெஸ் வயலுக்குத் திரும்பிப் பார்ப்போம். உருண்டை துள்ளியது என்றார்கள். பாதி வாயு இன்னும் உள்ளே இருந்தால் பலூனின் நிகர எடை ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மிதமான காற்றே அவ்வளவு பெரிய பரப்பில் சுமார் 10 கிலோ விசையோடு தள்ளும். தள்ளினால் உருளும், எழும்பும், காற்று நின்றால் அடங்கும், மறுபடி கிளம்பும். தள்ளுவது எதுவென்று கண்ணுக்குத் தெரியாதபோது, தானே நகர்கிற ஒன்றை உயிருள்ளது என்று எடுத்துக்கொள்வது மனிதக் கண்ணின் இயல்பு. சீறல், கிழிசல் வழியே வாயு போகும் ஓசை. துணி உப்பி அடங்கியது மூச்சுவிடுவதுபோல் இருந்திருக்கும்.

நாற்றம்தான் இதில் எனக்கு முக்கியமாகப் படுவது. ஹைட்ரஜனுக்கு வாசனையே கிடையாது. ஆனால் அந்தக் காலத்து இரும்பில் கந்தகம் கலந்திருக்கும். அமிலம் பட்டதும் ஹைட்ரஜனோடு ஹைட்ரஜன் சல்ஃபைடும் கிளம்பும். நூறு கோடிப் பங்கு காற்றில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். கெட்டுப்போன முட்டை, சாக்கடை, பிணம் எல்லாவற்றிலும் வருவது அதே வாசனை. விலகிப் போ என்று உடம்பு சொல்லும் வாசனை. மேலிருந்து விழுந்து, துள்ளி, சீறி, பிண நாற்றம் வீசும் ஒன்றை மிருகம் என்று முடிவு செய்தவர்கள் தங்களிடமிருந்த சான்றுகளை வைத்துச் சரியாகவே யோசித்தார்கள். அவர்களிடம் இல்லாதது ஒரு துண்டுக் காகிதம்தான். நல்லவேளை, யாரும் தீ வைக்கவில்லை. காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை ஹைட்ரஜன் கலந்திருந்தால் பற்றிக்கொள்ளும். தீவட்டி ஒன்று வந்திருந்தால் ஊரில் பிணம் விழுந்திருக்கும்.

அந்தக் காகிதம் பிறகு வந்தது. பிரெஞ்சு அரசு பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பை அச்சிட்டு அனுப்பியது. வானத்தில் கருத்த நிலாபோல் ஒன்று தெரிந்தால் அஞ்ச வேண்டாம். அது பட்டுத்துணியாலோ காகிதம் ஒட்டிய துணியாலோ செய்த கருவி. தீங்கு எதுவும் செய்யாது. ஒரு நாள் சமூகத்துக்குப் பயன்படக்கூடும் என்பது அதன் சாரம். பாரிஸ் மக்களுக்கு 4 நாள் முன்கூட்டியே கிடைத்த விளக்கம், காற்று போகும் திசையில் இருந்த ஊர்களுக்குச் சம்பவம் முடிந்த பிறகு கிடைத்தது. பலூன் ஏறும் இடத்தை நாம் தேர்ந்தெடுக்கலாம், இறங்கும் இடத்தைக் காற்றுதான் தேர்ந்தெடுக்கும். அதனால் விளக்கம் முதலில் போகவேண்டியது இறங்கக்கூடிய இடத்துக்கு.

விஷயம் தெரிந்த கூட்டமும் பலூனைக் கிழித்திருக்கிறது. 1784 ஜூலை 11-இல் பாரிசின் லக்சம்பர்க் தோட்டத்தில் பாதிரியார் மியோலானும் ழானினேயும் பெரிய சூடுகாற்றுப் பலூன் ஒன்றைக் காசு வாங்கிக்கொண்டு பறக்கவிடுவதாக அறிவித்தார்கள். அது கிளம்பவே இல்லை. காத்துக் காத்துப் பொறுமையிழந்த கூட்டம் அதைக் கிழித்துக் கொளுத்தியது. சூடுகாற்றுப் பலூனுக்குக் கோடை ஆகாது. உள்ளே 80 டிகிரி இருக்கையில் வெளியே 10 டிகிரியானால் கனமீட்டருக்கு 250 கிராம் தூக்கும். வெளியே 30 டிகிரியானால் 165 கிராம்தான். காசு கொடுத்தவனுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நம் பக்கத்திலும் இந்த வேலை நடக்கிறது. மீனம்பாக்கத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வானிலைத் துறையின் பலூன்கள் கருவிப்பெட்டியோடு ஏறுகின்றன. ஹைதராபாத்திலிருந்து டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தின் பிரம்மாண்டமான பிளாஸ்டிக் பலூன்கள் ஏறுகின்றன. ஹைதராபாத் பலூன்கள் கிளம்பும் முன்பே, கருவிகள் எந்தெந்த மாவட்டங்களில் விழலாம், கண்டால் பிரிக்காமல் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள் என்று அறிவிப்பு வெளியாகிறது.

சார்லஸ் 3 மாதத்தில் தன் பலூனைத் திருத்திக்கொண்டார். புதியது 380 கனமீட்டர். விரியும் வாயு தானே வெளியேற அடியில் திறந்த கழுத்து, வேண்டியபோது வாயுவை விட உச்சியில் ஒரு வால்வு, எடையைப் பரப்ப மேலே வலை, குறைக்க மணல்மூட்டை, உயரம் பார்க்க பாரமானி. டிசம்பர் 1-இல் அவரும் இளைய ரொபேரும் அதில் ஏறி, 2 மணி நேரம் பறந்து, 36 கிலோமீட்டர் தள்ளி நேல் என்ற ஊரில் இறங்கினார்கள். இம்முறை ஊரார் ஓடிவந்து கூடையைப் பிடித்துக்கொண்டார்கள். மேலேயிருந்து மனிதக் குரல் கேட்டது, மனித முகம் தெரிந்தது. ரொபேர் இறங்க, அந்த எடைக்கு ஈடாக மண் ஏதும் ஏற்றாமலே சார்லஸ் கூடையை விடச் சொன்னார். பிடித்திருந்த கைகள் விட்டன. பலூன் சுமார் 10 நிமிடத்தில் 3,000 மீட்டர் ஏறியது. கீழே ஏற்கெனவே மறைந்துவிட்ட சூரியன் அவருக்கு மட்டும் இன்னொரு முறை தெரிந்தது.