குறைமாத இரட்டையர்: நிறை ஏறாத நாட்களில் கொழும்புத் தாய் கேட்டுப் பெற வேண்டியவை

இரண்டு மில்லிலீற்றர் பால் எவ்வளவு என்பது அதைப் பிழிந்தெடுத்த தாய்க்குத்தான் தெரியும். என் தங்கையின் மகளுக்கு 31ஆவது வாரத்திலேயே இரட்டைப் பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். மகன் 1,480 கிராம், மகள் 1,260 கிராம். முதல் நாள் அரை மணி நேரம் கையால் பிழிந்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில் அவள் சேர்த்தது அந்த இரண்டு மில்லிலீற்றர்தான். மஞ்சள் நிறத்தில் தேன் போல இருந்தது. தாதி அதை இரண்டாகப் பங்கிட்டு, பிள்ளைகளுக்குப் போட்டிருந்த மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக விட்டார். ஆறாம் நாள் நிறுத்துப் பார்த்தபோது இருவரும் பிறந்த அன்றைவிடக் குறைந்திருந்தார்கள். "பெரியம்மா, என்னுடைய பால் போதாதா?" என்று தொலைபேசியில் அழுதாள்.

அவளுடைய பாலில் ஒரு குறையும் இல்லை. பிறந்த பிள்ளை முதல் நாட்களில் நிறை இழப்பது இயல்பு. குறைமாதப் பிள்ளை பிறந்த நிறைக்குத் திரும்பி வர ஏறத்தாழ இரண்டு வாரம் எடுக்கும். இதை முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால் அந்த அழுகை வந்திருக்காது. இலங்கையின் தாய் சேய் சேவை நல்ல சேவை, இலவசமான சேவை. ஆனால் அதன் படிவங்களும் அட்டவணைகளும் நிறைமாதத்தில் பிறந்த ஒரு பிள்ளையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. முன்கூட்டிப் பிறந்த இரண்டு பிள்ளைகளோடு நிற்கும் தாய் பல இடங்களில் வாய் திறந்து கேட்க வேண்டியிருக்கிறது. எங்கே, எதைக் கேட்பது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் குடிக்க முடியவில்லை

37 வாரம் முடியுமுன் பிறப்பது குறைமாதப் பிறப்பு. 2,500 கிராமுக்குக் கீழே இருந்தால் நிறை குறைந்த பிறப்பு. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று மோதாமல் செய்யும் திறமை 34ஆவது வாரத்தை ஒட்டித்தான் கைகூடுகிறது. அதற்கு முன் பிறந்த பிள்ளைக்குப் பசி இருக்கும், மார்பைத் தேடும், நான்கு முறை உறிஞ்சிவிட்டுக் களைத்துத் தூங்கிவிடும். அது சோம்பலும் இல்லை, தாயின் மார்பில் உள்ள கோளாறும் இல்லை. கருவில் கடைசி வாரங்களில் சேர்ந்திருக்க வேண்டிய கொழுப்பும் இரும்புச்சத்தும் இந்தப் பிள்ளைகளிடம் போதிய அளவு இல்லை. குடிக்கும் பாலின் பெரும் பங்கு உடம்பைச் சூடாக வைத்திருக்கவே செலவாகிவிடுகிறது. அதனால்தான் குழாய், பிறகு சிறு கோப்பை, பிறகு மார்பு என்று படிப்படியாகப் போகிறார்கள். இருவரும் ஒரே நாளில் குழாயிலிருந்து விடுபடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். எங்கள் மகன் மார்புக்கு வந்து ஒன்பது நாட்கள் கழித்துத்தான் மகள் வந்தாள்.

வார்டில் உங்களுக்கு உள்ளவை

காசல் வீதி மகளிர் வைத்தியசாலை, டி சொய்சா மகப்பேற்று வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைகளில் குறைமாதக் குழந்தைப் பிரிவில் எத்தனை நாள் இருந்தாலும் படுக்கைக்கும் சிகிச்சைக்கும் கட்டணம் இல்லை. அந்தப் பிரிவைத்தான் எல்லோரும் பி.பி.யூ. என்கிறார்கள். பெரிய மகப்பேற்று வைத்தியசாலைகளில் பாலூட்டல் முகாமைத்துவ நிலையம் என்று தனி இடம் உண்டு. பால் பிழியக் கற்றுத் தருவது, மார்பு கட்டிக்கொண்டால் கவனிப்பது, இரண்டு பிள்ளைகளையும் எப்படிப் பிடிப்பது என்று காட்டுவது அங்கிருக்கும் மிஸ்ஸிமாரின், அதாவது தாதிமாரின், வேலை. பிரசவ வார்டில் ஒருவரும் அழைத்துப் போகாவிட்டால் நீங்களாகவே கேளுங்கள். இரவையும் சேர்த்து ஒரு நாளைக்கு எட்டு முறைக்குக் குறையாமல் பிழிந்தால்தான் பால் வற்றாமல் இருக்கும். பிள்ளை இன்னும் ஒரு துளியும் குடிக்கத் தொடங்காத நாளிலும் இந்தக் கணக்கு மாறாது.

இன்னொன்றையும் கேளுங்கள்: பிள்ளையை மார்போடு தோல் தொட வைத்துக்கொள்ளும் கங்காரு முறை. 1978 அளவில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேற்றர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கியது இது. இன்று உலக சுகாதார ஸ்தாபனம் குறைமாதப் பிள்ளைகள் எல்லோருக்கும் இதைப் பரிந்துரைக்கிறது. ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை, எவ்வளவு முடியுமோ அவ்வளவு. இரட்டையரென்றால் ஒன்றைத் தாயும் மற்றதைத் தகப்பனும் வைத்துக்கொள்ளலாம். கொழும்பின் வெக்கையில் வியர்த்து வழியும், உண்மைதான். ஆனால் மகளை முதன்முதலாக நெஞ்சில் வைத்துச் சேலைத் தலைப்பால் மூடிய அன்று பின்னேரம், அவளுடைய மூச்சு சீராவதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். அடுத்த முறை பிழிந்தபோது பாலும் கூட வந்தது.

பி.பி.யூ.வில் நிறையை "ஏறியதா, இறங்கியதா" என்று மட்டும் கேட்காதீர்கள். பிறந்த நிறையைத் தாண்டிய பிறகு, ஒரு கிலோ நிறைக்கு ஒரு நாளில் 15 முதல் 20 கிராம் வரை ஏறுவது நல்ல போக்கு. 1,600 கிராம் பிள்ளைக்கு அது 24 முதல் 32 கிராம். ஒரு நாள் ஏறாவிட்டால் பதற வேண்டாம்; நான்கைந்து நாள் தொடர்ந்து நின்றுவிட்டால் வைத்தியரிடம் காரணம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

விலாசத்தில் தவறு விடாதீர்கள்

கொழும்பில் நான் கண்ட பெரிய ஓட்டை இதுதான். கர்ப்ப காலத்தில் வெள்ளவத்தை கிளினிக்கில் பதிந்த பெண், பிள்ளைகளோடு வத்தளையில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விடுகிறாள். வெள்ளவத்தை மருத்துவமாது வந்து கதவைத் தட்டினால் வீடு பூட்டியிருக்கும். வத்தளை மருத்துவமாதுவுக்கோ அப்படி ஒரு தாய் இருப்பதே தெரியாது. பிள்ளைகள் வீடு வந்த முதல் நாட்களில் மருத்துவமாது வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டியது அவருடைய கடமைகளில் ஒன்று. குறைமாதப் பிள்ளைகளுக்கு அந்த வருகை இன்னும் முக்கியம். ஆகவே துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது, பிள்ளைகள் உண்மையில் எங்கே இருக்கப் போகிறார்களோ அந்த விலாசத்தைக் கொடுங்கள். அன்றே அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அறிவியுங்கள். மாநகர எல்லைக்குள் கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, கிராண்ட்பாஸ், வெள்ளவத்தை எல்லாம் கொழும்பு மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் வருகின்றன; தெஹிவளைக்கோ கொலன்னாவைக்கோ போனால் வேறு அலுவலகம்.

வைத்தியசாலை தரும் டயக்னோசிஸ் காட் (நோய் விபர அட்டை) ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக வேண்டும். பிறந்த வாரம், பிறந்த நிறை, வீடு போகும்போது நிறை, கொடுக்கும் இரும்பு மற்றும் விற்றமின் துளிகளின் அளவு எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் துளிகளின் அளவு நிறையைப் பொறுத்தது. பிள்ளை வளர வளர அதை மாற்ற வேண்டுமா என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் கேளுங்கள்.

கொப்பியில் வைக்கும் புள்ளி

ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு என்று தரப்படும் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை நாங்கள் கிளினிக் கொப்பி என்கிறோம். அது தமிழிலும் அச்சாகிறது. சிங்களக் கொப்பி கைக்கு வந்தால் தமிழ்க் கொப்பி கேளுங்கள். தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி, கேட்பதில் கூச்சம் வேண்டாம். இரண்டு பிள்ளைக்கு இரண்டு கொப்பி.

எங்கள் வீட்டில் புயல் வந்தது இந்தக் கொப்பியால்தான். பிள்ளைகளுக்கு நான்கு மாதமானபோது கிளினிக்கில் நிறுத்தார்கள். நான்கு மாதக் கோட்டில் புள்ளி வைத்தார்கள். இரண்டு புள்ளியும் சிவப்புப் பகுதியில் போய் விழுந்தன. வரிசையில் பின்னால் நின்ற ஒரு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்குப் பால் மாவைக் கொடு மகள்" என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஆனால் என் தங்கையின் மகள் அன்றிரவு சாப்பிடவில்லை.

புள்ளி வைத்த இடம் தவறு. 40 வாரத்தில் பிறக்க வேண்டியவர்கள் 31 வாரத்தில் வந்தவர்கள். ஒன்பது வாரம் முந்திவிட்டார்கள். நான்கு மாதத்தில் அந்த ஒன்பது வாரத்தைக் கழித்தால் அவர்களுடைய திருத்திய வயது ஏறத்தாழ இரண்டு மாதம். அந்தக் கோட்டில் புள்ளி வைத்தபோது மகன் பச்சையில் நின்றான். மகள் அவனுக்குக் கீழே, ஆனால் அவளுக்கென்று ஒரு கோட்டைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தாள். இரண்டு வயது வரை நிறை, உயரம், தலைச் சுற்றளவு எல்லாவற்றையும் திருத்திய வயதில்தான் பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் இது பொருந்தாது. ஊசி பிறந்த திகதியிலிருந்து எண்ணித்தான் போடப்படும். பிள்ளை சிறியது என்று நீங்களாகத் தள்ளிப்போடக் கூடாது. கொப்பியின் முதல் பக்கத்திலேயே பிறந்த வாரத்தைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்தால், ஒவ்வொரு மாதமும் வேறு மருத்துவமாது இருந்தாலும் கேள்வி எழாது. ஒரு புள்ளியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மூன்று புள்ளிகள் எந்தத் திசையில் போகின்றன என்று பாருங்கள். அண்ணனின் கோட்டைத் தங்கையின் கொப்பியில் தேடவும் வேண்டாம்.

திரிபோஷாவும் போஷாக்கு வவுச்சரும்

1973இல் தொடங்கிய திரிபோஷா என்ற சத்துமா, கர்ப்பிணிக்கும், பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரை பாலூட்டும் தாய்க்கும் கிளினிக்கில் இலவசம்: மாதத்துக்கு 750 கிராம் பைக்கற்றுகள் இரண்டு. இது தாய் சாப்பிட வேண்டியது. வீட்டில் எல்லோருக்கும் உருண்டை பிடித்துக் கொடுத்து, தாய்க்குக் கடைசி உருண்டை மிஞ்சுவதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். இரண்டு பிள்ளைக்குப் பால் கொடுக்கும் உடம்புக்கு அது ஒரு நேரச் சாப்பாட்டின் பெறுமதி. நிறை குறைந்த பிள்ளைக்கும் திரிபோஷா உண்டு, ஆனால் ஆறு மாதத்துக்குப் பிறகுதான். நிறை ஏறட்டும் என்று நான்கு மாதப் பிள்ளைக்குக் கரைத்துக் கொடுப்பது ஆபத்து. குறைமாதப் பிள்ளைக்குத் திட உணவை எப்போது தொடங்குவது என்று வைத்தியரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

கர்ப்பிணித் தாய்மாருக்கான போஷாக்குக் கொடுப்பனவு 2015இல் மாதம் 2,000 ரூபாய் வீதம் பத்து மாதத்துக்கு என்று அறிவிக்கப்பட்டது. பின்னர் தொகை உயர்த்தப்பட்டிருக்கிறது. கிளினிக்கில் பதிந்த தாய்க்குப் பிரதேச செயலகத்தின் ஊடாக வருவது அது. பிள்ளைகள் முந்திப் பிறந்துவிட்டதால் மீதி வவுச்சர்கள் கைவிட்டுப் போகாமல் மருத்துவமாதுவிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பால் மா பற்றி ஒரு வார்த்தை. தாய்ப்பாலுக்கு மாற்றீடான பொருட்களின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் கோவை இலங்கையில் 1983இலிருந்தே இருக்கிறது. இலவச மாதிரி டின்னைத் தாயின் கையில் கொடுப்பதற்கு அதில் இடமில்லை. ஆனால் வைத்தியரே பார்த்து, இந்தப் பிள்ளைக்கு மேலதிகமாக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் கொடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, தாய்ப்பாலை அதற்காக நிறுத்தவும் வேண்டாம்.

விடுமுறையை எண்ணும் முறை

கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வேலை செய்யும் பெண்ணுக்கு 84 நாள் பிரசவ விடுமுறை உண்டு. வார விடுமுறை, போயா, பொது விடுமுறை நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. முன்பு மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாள்தான். 2018 திருத்தத்தோடு அந்த வேறுபாடு போய்விட்டது. ஏற்கெனவே ஒரு பிள்ளை உள்ள வீட்டில் இரட்டையர் பிறந்தால் இது நேரடியாகத் தொடும் விடயம். பழைய கணக்கைச் சொல்லும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. 2018 என்ற ஆண்டை நினைவில் வைத்துப் பேசுங்கள். அரச ஊழியருக்கு 84 வேலை நாட்கள் முழுச் சம்பளத்துடனும், அதன்பின் 84 நாட்கள் அரைச் சம்பளத்துடனும், இன்னும் 84 நாட்கள் சம்பளமின்றியும் எடுக்க இடமுண்டு.

இரட்டையர் என்பதற்காகவோ குறைமாதம் என்பதற்காகவோ தனியார் துறையில் நாட்கள் கூடுவதில்லை. எங்கள் பிள்ளைகள் ஆறு வாரம் பி.பி.யூ.வில் இருந்தார்கள். விடுமுறையின் கணிசமான பகுதி வைத்தியசாலை வாங்கிலேயே கரைந்தது. பிள்ளை வீடு வரும் நாளிலிருந்து எண்ணும்படி சட்டம் மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது மாறும் வரை, டயக்னோசிஸ் காட்டின் பிரதியை இணைத்து, வருடாந்த விடுமுறையையோ சம்பளமற்ற விடுமுறையையோ முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி இருக்காதீர்கள்.

வேலைக்குத் திரும்பிய பிறகும் ஒரு உரிமை இருக்கிறது. அதிகம் பேருக்கு அது தெரியாது. பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை, ஒன்பது மணி நேரத்துக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள். வேலையிடத்தில் பிள்ளைப் பராமரிப்பு நிலையம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி நேரம், இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். இது சாப்பாட்டு இடைவேளைக்கு மேலதிகம். வேலை நேரமாகவே கணக்கிடப்படும். என் தங்கை மகளின் மேலாளர் முதலில் மறுத்தார். சட்டப் பிரிவைக் காட்டி அவள் ஒரு கடிதம் கொடுத்தாள். இப்போது பத்தரைக்கும் இரண்டரைக்கும் ஒரு சிறு அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு பால் பிழிந்து, ஐஸ் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வருகிறாள். கடிதத்துக்கும் பதில் இல்லையென்றால் நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

காத்திருக்கக் கூடாதவை

அடுத்த கிளினிக் நாள் வரை பொறுக்கக் கூடாத சில அறிகுறிகள் உண்டு. குடித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரெனக் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, உடம்பு குளிர்ந்துபோவது, மூச்சு வேகமாவது அல்லது இடையிடையே நிற்பது, உதடு நீலம் பாய்வது, பச்சை நிறத்தில் வாந்தி எடுப்பது. சிறுநீர்த் துணி நாளுக்கு ஆறுக்குக் குறைந்தாலும் அன்றே காட்டுங்கள். இரவென்றால் 1990ஐ அழையுங்கள்; சுவசெரிய அம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. பொரளையில் லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையின் அவசரப் பிரிவு இரவு பகலாகத் திறந்திருக்கிறது. புறப்படும்போது இரண்டு கொப்பிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். வருத்தம் ஒருவருக்கு என்றாலும், மற்றவரையும் பார்த்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.