டேக், ஜைப்: இரண்டுக்கும் ஒரே சொல்லா?

பாய்மரப் படகில் புதிதாக ஏறுகிறவர்களுக்கான தமிழ்க் குறிப்புகளில் டேக் (tack), ஜைப் (gybe) என்ற இரண்டு வகைப் படகுத் திருப்பங்களுக்குமே 'திசைமாற்றம்' என்று போட்டுவிடுகிறார்கள். இனியும் இதைச் சும்மா விடக் கூடாது, இதில் மண்டை உடையும்.

டேக் என்பது முதலில் பாயின் கீழ்மூலையை இழுத்துக் கட்டும் கயிற்றின் பெயர், பிறகு திருப்பத்துக்கே ஆகிவந்தது. ஜைப் டச்சு மொழியிலிருந்து வந்தது. சொற்பிறப்பு இவ்வளவு போதும்.

எதிர்காற்றில் பாய்மரப் படகு நேராகப் போகாது, ஏறக்குறைய 45 பாகை விலகி இடமும் வலமுமாக வளைந்துதான் ஏறும். அப்போது அணியம் (நம் கடலோரத்தில் படகின் முன்முனைக்கு இதுதான் பெயர்) காற்றைக் கடந்து மறுபக்கம் திரும்பினால் அது டேக். பாய் கொஞ்ச நேரம் காற்றிழந்து படபடக்கும், பாயின் அடியிலுள்ள பூம் கம்பு அவ்வளவு வேகமில்லாமல் வரும். ஜைப்பில் காற்று முதுகுப்பக்கம் இருக்கிறது, கடப்பது படகின் பின்முனை, காற்று நிறைந்த பாய் பூம் கம்போடு அப்படியே சட்டென்று மறுபக்கம் அறையும், அதனால்தான் முன்கூட்டியே பெரிய பாயின் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

'இரண்டிலும் திசைதானே மாறுகிறது' என்பது அவர்கள் வாதம். சுக்கானை லேசாக அசைத்தாலும்தான் திசை மாறும், அதற்கு யாராவது குரல் கொடுக்கிறார்களா? படகோட்டி 'தயாரா?' என்று கேட்டு, ஆட்கள் கயிற்றைப் பார்த்துப் பதில் சொன்ன பிறகு கூவப்படும் சொல் இது, அதைக் கேட்டதுமே எது வருகிறது என்று தெரிய வேண்டாமா! சிலர் முன்திருப்பம், பின்திருப்பம் என்கிறார்கள். பொருள் சரிதான், ஆனால் வால் ஒன்றே, காற்றிரைச்சலில் முதல் அசை போய்விட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். டேக்குக்கு எதிர்த்திருப்பம், ஜைப்புக்குப் பாய்வீச்சு என்பேன். வீச்சு என்று காதில் விழுந்தாலே தலை தானாகக் குனியும். தனித்தமிழ் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, இவை பிடிக்காவிட்டால் டேக், ஜைப் என்றே கூவுங்கள், திசைமாற்றம் மட்டும் வேண்டாம்.

படகில் கால் வைக்காமல் அகராதியை மட்டும் புரட்டுவதால் வரும் வினை இது. ஷீட் என்றால் பாயை இழுக்கும் கயிறு, அதைத் 'தாள்' என்று எழுதி 'தாளை விடவும்' என்கிறார்கள். எந்தத் தாளை? 'முன்பாய்க் கயிற்றை விடு' என்றால் முதல்நாள் வந்த பிள்ளைகூடச் சரியான கயிற்றில் கை வைக்கும்.