காதுக்கு வேண்டியது குவயட், சைலன்ஸ் வேண்டாம்

காதுக்குள் ‘ஙொய்’ என்று ஓயாமல் கேட்கிறது என்று வருகிறவர்களில் பலர், என்னிடம் வரும் முன்பே ஒரு வைத்தியத்தைச் செய்து பார்த்திருப்பார்கள். வீட்டிலேயே சத்தம் எட்டாத அறை எது என்று பார்த்து அங்கே படுக்கையை மாற்றியிருப்பார்கள். சன்னல் சாத்தியிருக்கும், ஃபேன் ஓடாது, காதில் பஞ்சு இருக்கும். இரைச்சல் குறைந்ததா என்று கேட்டால், “ராத்திரியில இன்னும் ஜாஸ்தி” என்பார்கள். கூடாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

காது கேட்கும் திறனைச் சோதிப்பதும் காது மெஷின் பொருத்துவதும் என் வேலை. ஆங்கிலப் பாடம் எடுக்கிற ஆள் இல்லை. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தை விளக்க, குவயட், சைலன்ட் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்கள் எனக்குக் கைகொடுக்கின்றன. பள்ளிக்கூடத்தில் டீச்சர் “கீப் குவயட்” என்றாலும் “சைலன்ஸ்!” என்றாலும் நமக்கு ஒன்றுதான், வாயை மூட வேண்டும். அதனால் இரண்டையும் ஒரே பொருளில் வைத்துக்கொண்டோம். அதிகம் பேசாத பையனை “அவன் ரொம்ப சைலன்ட் டைப்” என்று சொல்லிப் பழகியும் விட்டோம். ஆங்கிலத்தில் வளர்ந்தவர் அந்தப் பையனைப் பெரும்பாலும் குவயட் என்றுதான் சொல்வார். சைலன்ட் என்றால் அந்த நேரத்தில் வாயே திறக்கவில்லை என்று ஆகிவிடும்.

குவயட் என்றால் சத்தம் உண்டு, ஆனால் கொஞ்சம்தான், தொந்தரவு இல்லை. அதில் கூடுதல் குறைவு உண்டு. கொஞ்சம் குவயட், ரொம்ப குவயட், இந்த ரூம் அந்த ரூமைவிட குவயட் என்று அளந்து சொல்லலாம். சைலன்ட் என்றால் சத்தம் அறவே இல்லை. மெல்லப் பேசுகிறவரின் குரலைக் குவயட் வாய்ஸ் என்பார்கள். சைலன்ட் வாய்ஸ் என்று சொன்னால் கேட்கிறவர் முழிப்பார், குரலே இல்லாத குரல் எப்படி இருக்கும்? ‘நைஃப்’ என்று எழுதும்போது முன்னால் வரும் கே எழுத்து சைலன்ட். அதை மெதுவாக உச்சரிப்பதில்லை, உச்சரிப்பதே இல்லை. ஊமைப்படத்துக்கு சைலன்ட் ஃபிலிம் என்று பேர் வந்ததும் அப்படித்தான்.

மின்சாரக் கார்கள் சத்தம் குறைவாக ஓடுவதால் பின்னால் வருவதே தெரியாமல் நடந்து போகிறவர்கள், முக்கியமாகப் பார்வையற்றவர்கள், ஆபத்தில் மாட்டக்கூடும் என்று 2016-இல் ஐ.நா. அமைப்பின் வழியாக ஒரு வாகன விதி வந்தது. மணிக்கு 20 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் அந்தக் கார்கள் செயற்கையாக ஓர் ஒலி எழுப்ப வேண்டும். அந்த விதியின் தலைப்பிலேயே அவற்றைக் குவயட் வாகனங்கள் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். டயர் உரசும் ஓசையாவது இருக்கும் அல்லவா, எழுதியவர்கள் சொல்லைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

நம் ஊர்ச் சட்டம் அந்த அளவு கவனமாக இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் மருத்துவமனை, பள்ளி, கல்லூரி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாமல் அரசு அறிவிக்கும் பகுதிக்கு ‘சைலன்ஸ் ஸோன்’ என்று பேர். பேரைக் கேட்டால் ஈ பறந்தாலும் கேட்கும் போலிருக்கும். அளவைப் பார்த்தால் பகலில் 50 டெசிபல், இரவில் 40 டெசிபல். நாற்பது என்பது நல்ல நூலகத்தின் அமைதி. ஐம்பது என்பது நாலு பேர் தணிந்த குரலில் பேசுகிற அறை. ஆக, சட்டம் கேட்பது குவயட்தான், பலகையில் எழுதியிருப்பது சைலன்ஸ். சரி, நடைமுறையில் இரண்டுமே கிடைப்பதில்லை. ‘ஹார்ன் அடிக்காதீர்’ பலகைக்குக் கீழேயே நின்று ஹார்ன் அடிக்கும் பஸ்களை எங்கள் வாசலில் தினமும் பார்க்கிறேன்.

எங்கள் தொழிலில் இந்த இரண்டும் ஒருநாளும் குழம்பாது. பேச்சு எவ்வளவு புரிகிறது என்று பார்க்கும் சோதனையில் ‘ஸ்பீச் இன் குவயட்’ என்று ஒன்று, ‘ஸ்பீச் இன் நாய்ஸ்’ என்று ஒன்று. முதலாவதில் பின்னணி இரைச்சல் இருக்காது, இரண்டாவதில் வேண்டுமென்றே இரைச்சலைக் கலப்போம். இதே இடத்தில் சைலன்ஸ் என்ற சொல்லைப் போட்டால் அபத்தமாகிவிடும். பேச்சு ஒலிக்கும்போது சைலன்ஸ் எங்கிருந்து வரும்? “மெஷின் வீட்டுல நல்லா கேக்குது, கல்யாண மண்டபத்துல ஒண்ணும் புரியல” என்று சொல்கிறவர்களுக்கு நிஜமாகவே வேறுபடுவது இந்த இரண்டு சோதனை மதிப்பெண்களும்தான்.

அப்புறம் டெசிபல். பூஜ்யம் டெசிபல் என்றால் சத்தமே இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். அது நல்ல காதுள்ள ஓர் இளைஞருக்கு ஒலி கேட்கத் தொடங்கும் எல்லை, அவ்வளவே. அதற்குக் கீழேயும் ஒலி உண்டு. அமெரிக்காவில் ரெட்மண்ட் நகரில் மைக்ரோசாஃப்ட் கட்டிய எதிரொலியற்ற அறையில் 2015-இல் மைனஸ் 20.6 டெசிபல் அளந்து கின்னஸ் சாதனையாகப் பதிந்தார்கள். அப்படிப்பட்ட அறைக்குள் போனவர்கள் அங்கே ஆனந்தமாக இருப்பதில்லை. இதயம் அடிப்பது, கழுத்தைத் திருப்பினால் எலும்பு உரசுவது, எச்சில் விழுங்குவது என்று எல்லாம் பெரிதாகக் கேட்கத் தொடங்கும்.

1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காதில் எந்தக் குறையும் இல்லாத 80 பேரை ஒலி புகாத அறையில் உட்கார வைத்து, கேட்பதைச் சொல்லச் சொன்னார்கள். வெளியிலிருந்து எந்த ஒலியும் உள்ளே அனுப்பவில்லை. ஆனாலும் 94 சதவீதம் பேர் ஏதோ கேட்கிறது என்றார்கள். சிலருக்கு ரீங்காரம், சிலருக்குப் பூச்சி கத்துவது போல. அதாவது நல்ல காதுள்ளவரையும் முழு நிசப்தத்தில் உட்கார வைத்தால், காது இரைச்சல்காரர் சொல்வதையே சொல்கிறார். 2012-இல் இங்கிலாந்தில் 18 பேரின் ஒரு காதை மட்டும் ஏழு நாள் இயர்ப்ளக்கால் அடைத்துப் பார்த்தார்கள். 14 பேருக்கு இல்லாத ஒலி கேட்டது. ப்ளக்கை எடுத்ததும் அது போய்விட்டது.

காரணத்தை எளிமையாகச் சொல்கிறேன். உள்காதில் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றி மேலே அனுப்புகின்றன. வயது, இரைச்சல், சில மருந்துகள் என ஏதோ ஒன்றால் அவை பழுதானால் மேலே போகும் சேதி குறைகிறது. மூளை அதை விட்டுவிடுவதில்லை, தன் பக்கம் வால்யூமைக் கூட்டுகிறது. நிலையம் கிடைக்காத ரேடியோவில் வால்யூமைத் திருகினால் வருவது போல, நரம்புகளில் எப்போதும் ஓடும் சின்னச் சலசலப்பு அப்போது பெரிதாகிக் காதில் விழுகிறது. ஆய்வுலகில் பலரும் ஏற்கும் விளக்கம் இது. பழுதான செல் திரும்ப முளைப்பதில்லை. ஆனால் அந்த வால்யூம் மேலும் ஏறாமல் பார்த்துக்கொள்ள நம்மால் முடியும். காதை அடைத்து நிசப்தத்தில் உட்காருவது அதை ஏற்றிவிடுகிற காரியம்.

ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் வந்திருந்தார். கேட்கும் திறனைக் கோடாகக் காட்டும் ஆடியோகிராமில், கீச்சென்ற ஒலிகளுக்கான 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு கிணறு மாதிரி இறங்கியிருந்தது, நெடுநாள் இரைச்சலில் இருந்தவர்களுக்கு வழக்கமாக விழும் பள்ளம். “கதவு சன்னல் எல்லாத்தையும் சாத்திட்டுத்தானுங்க மேடம் படுக்கறேன். அப்பத்தான் இன்னும் நல்லாக் கேக்குதுங்க” என்றார். மில்லில் பஞ்சு வைக்கவில்லையா என்று கேட்டேன். “அங்க எதுக்குங்க, பழகிப்போச்சுங்களே” என்றார். கூட வந்த அவர் மனைவி, “இப்ப வீட்டுல வெக்கறாருங்க. நான் கூப்பிட்டாக் கூட கேக்கறதில்ல” என்றார்.

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, நாம் எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறோம். காதை அடைக்க வேண்டிய இடம் தறிக்கூடம், ஜெனரேட்டர் ரூம், கிரைண்டிங் மெஷின், திருவிழாவில் ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிரே உள்ள நாற்காலி. நம் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை விட்டுவந்திருக்கின்றன. 85-லிருந்தே காதைக் காப்பாற்ற வேண்டும் என்பது எங்கள் துறையின் கணக்கு. வீட்டில் 40, 50 டெசிபலில் பஞ்சு வைத்துக்கொண்டால் லாபம் ஒன்றுமில்லை. ஃபோர்மி என்ற ஆய்வாளரின் குழு 2003-இல் வெளியிட்ட பரிசோதனையில், இரண்டு வாரம் இயர்ப்ளக்கோடு திரிந்தவர்களுக்குச் சாதாரண ஒலிகூட முன்பைவிடப் பெரிதாகக் கேட்டது. அதே இரண்டு வாரம் காதில் மெல்லிய இரைச்சல் எழுப்பும் கருவி வைத்திருந்தவர்களுக்கோ ஒலி முன்பைவிடத் தணிந்து கேட்டது. மிக்ஸி சத்தம் தாங்கவில்லை, பாத்திரம் உருண்டால் தாங்கவில்லை என்று நாள் முழுக்க காதைப் பொத்திக்கொள்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தப் பெரியவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். ஃபேனைப் போடுங்கள். குளிர்காலமாக இருந்தால் டேபிள் ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து ஓட விடுங்கள். மழைச் சத்தம், அருவிச் சத்தம் தரும் ஆப் போனில் இருந்தால் அதுவும் சரி. செய்தி, சீரியல் வேண்டாம், கவனம் அதன் பின்னாலேயே போய்த் தூக்கம் கெடும். முக்கியமானது அளவு. காது இரைச்சலை அமுக்கிவிடும்படி உரக்க வைக்கக் கூடாது. அதற்கு ஒரு படி கீழே, இரண்டும் சேர்ந்து கேட்கும்படி வையுங்கள். இரைச்சல் அங்கேயே இருக்க, மூளை அதைப் பொருட்படுத்தாமல் விடப் பழக வேண்டும். அறை குவயட்டாக இருக்கட்டும், சைலன்ட்டாக வேண்டாம். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும்.

கேட்கும் திறனும் குறைந்திருந்தால் காது மெஷின் இரண்டு வேலை செய்யும். பேச்சும் கேட்கும், பறவை, தெருச் சத்தம் என்று சுற்றுப்புறமும் உள்ளே வரும், பலருக்கு இரைச்சல் பின்னுக்குப் போய்விடும். இரைச்சலால் தூக்கமும் மனசும் கெட்டுப்போனவர்களுக்கு அறிவாற்றல் நடத்தை சிகிச்சை எனப்படும் பேச்சுவழிச் சிகிச்சை உதவுவதாக நல்ல ஆதாரம் இருக்கிறது. “காதுக்குக் கவுன்சலிங்கா?” என்று முகம் சுளிக்காதீர்கள். ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரை, துத்தநாக மாத்திரை விளம்பரங்களுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2014 வழிகாட்டுதல் இரண்டையும் பரிந்துரைக்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது.

ஃபேனைப் போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. நாடித் துடிப்போடு சேர்ந்து ‘தப் தப்’ என்று கேட்டாலோ, ஒரே காதில் மட்டும் இரைச்சல் நீடித்தாலோ, தலைசுற்றல் கூடவே வந்தாலோ முதலில் ஈ.என்.டி. மருத்துவரைப் பாருங்கள். ஸ்கேன் தேவையா என்று அவர் முடிவு செய்வார். காசநோய்க்கு ஊசி, புற்றுநோய்க்கு மருந்து போடத் தொடங்கிய பிறகு இரைச்சல் வந்தால் அந்த மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும், ஊசியை நீங்களாக நிறுத்தக் கூடாது. எல்லாவற்றையும்விட அவசரமானது, காலையில் எழுந்தால் ஒரு காது அடைத்துக் கேட்காமல் போய் இரைச்சல் மட்டும் இருப்பது. அழுக்கு அடைத்திருக்கும் என்று எண்ணெய் ஊற்றி வாரக்கணக்கில் இருந்துவிட்டு வருகிறார்கள். நரம்புக் கோளாறாக இருந்தால் ஸ்டீராய்டு மருந்து முதல் இரண்டு வாரங்களுக்குள், அதிலும் முதல் சில நாட்களில் கொடுத்தால்தான் நல்ல பலன். அன்றைக்கே போய்விடுங்கள், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும்.