பாட்டிலின் கழுத்தில் இருக்கும் பட்டை

உணவகத்தில் விருந்தினருக்கு ஒயின் தேர்ந்து கொடுப்பது என் வேலை. முன்பு நான் இருந்த ஓரிடத்தில் ஒருவர், இத்தாலியின் டஸ்கனிப் பகுதிக்குப் போனபோது குடித்த 'மொந்தெபுல்சியானோ' வேண்டும் என்று கேட்டார். எங்கள் பட்டியலிலும் அந்தப் பெயர் இருந்தது, கொண்டுபோய் ஊற்றினேன். ஒரு வாய் குடித்தவர், "இது அது இல்லையே" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. அவர் அங்கே குடித்தது வீனோ நோபிலே தி மொந்தெபுல்சியானோ. அந்தப் பெயரில் மொந்தெபுல்சியானோ என்பது ஊர். திராட்சை பெரும்பாலும் சாஞ்சொவேசே. நான் ஊற்றியது மொந்தெபுல்சியானோ தாப்ருத்சோ. அது அட்ரியாட்டிக் கடலோரத்து அப்ருத்சோவில் விளைவது, அங்கே மொந்தெபுல்சியானோ என்பது திராட்சையின் பெயர். பட்டியலில் பாதிப் பெயரை மட்டும் அச்சிட்டிருந்தார்கள், நானும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து முழுப் பெயரையும் வாசித்துக் காட்டாமல் எந்த பாட்டிலையும் நான் திறப்பதில்லை.

இத்தாலிய ஒயின் லேபிளில் பெயரை அடுத்து வரும் எழுத்துகளையும் பலர் தவறாகத்தான் புரிந்துகொள்கிறார்கள். டி.ஓ.சி., அதாவது 'கட்டுப்படுத்தப்பட்ட பிறப்பிடப் பெயர்' என்ற முறை 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. எந்த எல்லைக்குள் விளைய வேண்டும், எந்தத் திராட்சை, ஹெக்டேருக்கு எவ்வளவு, எத்தனை மாதம் ஊற வேண்டும் என்று ஒவ்வொரு பெயருக்கும் விதி உண்டு. விதிகள் இன்னும் இறுக்கமான மேல் படி டி.ஓ.சி.ஜி.; பரோலோ, புருனெல்லோ தி மொந்தால்சினோ போன்ற ஒயின்கள் 1980-இல் முதலில் அந்த நிலைக்கு வந்தன. பரோலோ என்றால் குறைந்தது 38 மாதம், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். 'ரிசெர்வா' என்று போட்டிருந்தால் 62 மாதம். 'கிளாஸிக்கோ' என்பது ருசியைப் பற்றிய சொல் இல்லை, அந்த ஒயினின் பழைய மூல எல்லைக்குள் விளைந்தது என்று பொருள்.

ஆக, அந்த எழுத்துகள் பிறப்பிடத்துக்கும் செய்முறைக்கும்தான் உத்தரவாதம். உங்களுக்குப் பிடிக்கும் என்பதற்கு இல்லை. இதற்கு சஸ்ஸிகாயாவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. போல்கெரியில் கபெர்னே திராட்சையில் செய்த அந்த ஒயின் விதிகளுக்குள் அடங்காததால், உலகம் கொண்டாடிய காலத்திலும் 'வீனோ தா தாவோலா', அதாவது சாதாரண மேசை ஒயின் என்ற கடைசிப் படியிலேயே விற்கப்பட்டது. 1994 விளைச்சலில்தான் டி.ஓ.சி. கிடைத்தது. டஸ்கனியின் கியாந்தி ஒயினுக்கான 1967 விதிகளோ சிவப்பு ஒயினில் வெள்ளைத் திராட்சையையும் கலக்கச் சொன்னதால், நல்ல தயாரிப்பாளர்கள் சிலர் அந்தப் பெயரையே விட்டு வெளியேறினார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு இடம் கொடுக்க 1992-இல் ஐ.ஜி.டி. என்ற, பகுதியின் பெயரோடு விதிகள் தளர்வான படி வந்தது. ஐ.ஜி.டி. என்று பார்த்ததும் மட்டம் என்று ஒதுக்குகிறவர்களிடம் நான் சண்டைக்கே போவேன்.

ஆனால் விதி வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு மனம் வராது. 1986-இல் இத்தாலியில் மெத்தனால் கலந்த மலிவு ஒயினைக் குடித்து 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். எங்கே, யார் செய்தது என்று தெரிந்திருப்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும்தான்.

சரி, கடையில் என்ன பார்ப்பது? முழுப் பெயர். அப்புறம் பின் லேபிளில் 'இம்போத்திலியாத்தோ ஆல்லொரிஜினே' என்ற வரி. விளைவித்தவர்களே பாட்டிலில் அடைத்தார்கள் என்று அர்த்தம். டி.ஓ.சி.ஜி. என்று சொல்லி விற்றால், மூடியின் மேலோ கழுத்திலோ எண் அச்சிட்ட காகிதப் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். அது இல்லையென்றால் வாங்காதீர்கள்.