தெற்கே போகிற ராக்கெட் ஏன் வளைந்து போகிறது?

ஆந்திரக் கரையின் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் கிளம்பும் நேரலையில் அதன் பாதையைக் காட்டும் கோட்டைக் கவனித்திருக்கிறீர்களா? துருவப் பாதைக்கு, அதாவது இரு துருவங்களுக்கும் மேலாகச் சுற்றும் பாதைக்குப் போகும் ராக்கெட் முதலில் தென்கிழக்காகக் கடலுக்குள் ஓடும். அப்புறம்தான் தெற்கே திரும்பும். நேராகத் தெற்கே போனால் கீழே இலங்கை.

நம் விண்வெளித் திட்டம் வளர்ந்த கதையை ஏவுதளங்களை வைத்தே சொல்லிவிடலாம். முதலில் கேரளத்தின் தும்பா. பூமியின் காந்த நடுக்கோடு, அதாவது காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் கோடு, அதை ஒட்டிப் போகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே, சுமார் 110 கி.மீ. உயரத்தில், பகல் நேரத்தில் பெரிய மின்னோட்டம் ஒன்று பாய்கிறது. பலூன் அவ்வளவு உயரம் போகாது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழச் சுற்றாது. அந்த மின்னோட்டத்தை ஆராய ராக்கெட்டை விட்டால் வழியில்லை. விக்ரம் சாராபாய் குழு அங்கிருந்த தேவாலயத்தையே அலுவலகமாக்கிக்கொண்டு, 1963 நவம்பர் 21 அன்று அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி ராக்கெட்டை ஏவியது.

அந்த ராக்கெட்டுகள் மேலே போய்க் கீழே விழுபவை. தாழ்வான பாதையில் செயற்கைக்கோள் விழாமல் சுற்ற, பக்கவாட்டில் நொடிக்குச் சுமார் ஏழரை கி.மீ. வேகம் வேண்டும். கிழக்கே ஏவினால் பூமியின் சுழற்சியே நொடிக்குச் சுமார் 450 மீட்டரைச் சும்மா தந்துவிடும். அதற்குக் கிழக்குக் கரை வேண்டும், எதிரே ஆளில்லாக் கடல் வேண்டும். ஸ்ரீஹரிகோட்டா அமைந்தது இப்படித்தான். 1979-இல் அங்கிருந்து கிளம்பிய முதல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18 அன்று அடுத்தது 35 கிலோ ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது.

சிக்கல் வந்தது பூமியைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்களால். அவை வடக்கும் தெற்குமாகச் சுற்றினால்தான், கீழே பூமி உருள உருள எல்லா இடமும் கண்ணில் படும். அதற்குப் பூமியின் சுழற்சி உதவாது; கொஞ்சம் இடைஞ்சல்கூட. ராக்கெட்டிலிருந்து கழன்று விழும், எரிந்து முடிந்த அடுக்குகள் கடலில்தான் விழ வேண்டும். நடுவழியில் என்ஜின் நின்றாலும் ராக்கெட் ஊர் மேல் விழக் கூடாது. அதனால்தான் அந்தச் சுற்று வழி.

திரும்புவது மலிவான வேலை இல்லை. நொடிக்கு 2 கி.மீ. வேகத்தில் போகும் ராக்கெட் 10 பாகை திரும்ப, நொடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகம் கூட்டுவதற்கான எரிபொருள் செலவாகும். ஏழரை கி.மீ. வேகத்தில் அதே திருப்பத்துக்கு 1,300 மீட்டர்! சீக்கிரமே திரும்பிவிடலாம் என்றால் இலங்கை இன்னும் தாண்டவில்லை. இந்த இழுபறியில் குறைவது, ஏற்றிச் செல்லும் செயற்கைக்கோளின் எடை.

1993-இல் தோற்று 1994-இல் வென்ற பி.எஸ்.எல்.வி. பெரிய ராக்கெட், இழப்பைத் தாங்கிக்கொண்டது. சிறிய எஸ்.எஸ்.எல்.வி.யோ, நல்ல வாய்ப்பில் 500 கிலோவைத்தான் 500 கி.மீ. உயரத்துக்குத் தூக்கும். அதிலும் வெட்டு விழுந்தால் மிச்சம் என்ன இருக்கும்?

தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரப்பட்டினம் கணக்கில் வந்தது அதனால்தான். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். முத்தாரம்மன் தசராவுக்குப் பேர்போன குலசையிலிருந்து தெற்கே பார்த்தால் அண்டார்டிகா வரை கடல்தான். ஆனால் கிழக்கே ஏவ முடியாது. இலங்கை எதிரிலேயே நிற்கிறது. ஆகவே கிழக்கு நோக்கிப் போகும் ஜி.எஸ்.எல்.வி., எல்.வி.எம்.-3 போன்ற ராக்கெட்டுகளுக்கு ஸ்ரீஹரிகோட்டாவேதான்.