பிளஸ் போட்ட மிஸ்டு கால்: ஐஎஸ்டி வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு

ஒரே ஒரு ரிங் வந்து கட் ஆகிறது. எடுத்துப் பார்த்தால் 960 என்று தொடங்கும் எண். யாரோ தெரிந்தவர்தான் என்று திருப்பி அடித்தால் கால் போவது மாலத்தீவுக்கு. அந்த நாட்டின் குறியீடு 960. அதன் பின்னால் ஏழு இலக்கம், ஆக மொத்தம் பத்து. 960-ல் தொடங்கும் பத்து இலக்க மொபைல் எண்கள் இங்கேயும் இருப்பதால், அவசரத்தில் பார்க்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். முன்னால் நிற்கும் பிளஸ் குறி மட்டும்தான் வித்தியாசம். +91 இருந்தால் இந்தியா. பிளஸுக்குப் பின்னால் வேறு எது இருந்தாலும் வெளிநாடு.

இங்கிருந்து வெளிநாட்டுக்குப் பேசினால், அந்த அழைப்பை மறுமுனையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக நம் கம்பெனி அந்த நாட்டுக் கம்பெனிக்கு நிமிடக் கணக்கில் பணம் கட்ட வேண்டும். சில சின்னத் தீவுகளிலும் ஆப்பிரிக்க நாடுகளிலும் இந்தக் கட்டணம் அதிகம். மோசடிக்காரன் அங்கே கொத்தாக எண்களை வாங்கி, வரும் கட்டணத்தில் பங்கு பேசி வைத்துக்கொள்கிறான். பிறகு கம்ப்யூட்டரை வைத்து ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரு ரிங் கொடுத்துக் கட் செய்கிறான். யாரும் எடுக்காததால் அவனுக்குச் செலவில்லை. திருப்பி அடிப்பவர் எவ்வளவு நேரம் லைனில் இருக்கிறாரோ அவ்வளவு லாபம். அதனால்தான் மறுமுனையில் பாட்டு ஓடும், அல்லது ரிங் போவது போலவே ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மிஸ்டு கால் கொடுத்தே சேதி சொல்லிப் பழகிய நம் ஊருக்கென்றே செய்த பொறி மாதிரி இருக்கிறது.

இந்த எண்ணை எடுத்தாலே மூன்று நொடியில் உங்கள் கான்டாக்ட் லிஸ்டைக் காப்பி அடித்துவிடுவார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் வெறும் புரளி. இந்தியாவுக்குள் இருக்கும்போது வருகிற காலை எடுப்பதற்குக் கட்டணமும் கிடையாது. காசு போவது நாம் திருப்பி அடிக்கும்போதுதான்.

ஆக, நமக்கு வெளிநாட்டுக்கு அடிக்கும் வசதி, அதாவது ஐஎஸ்டி, தேவையா என்பதுதான் கேள்வி. துபாயிலும் சிங்கப்பூரிலும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில்கூட இன்று பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில்தான். சாதாரண ஐஎஸ்டி கால் போடுகிறவர்கள் குறைவு. என்னைக் கேட்டால், பத்தில் ஒன்பது வீட்டில் அதை நிறுத்திவிடலாம்.

பிரீபெய்டு வாடிக்கையாளர் வெளிப்படையாகச் சம்மதம் தராமல் அவருக்கு ஐஎஸ்டி வசதியைத் திறந்து வைக்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-லேயே உத்தரவிட்டது. இந்த மிஸ்டு கால் மோசடிதான் அதற்குக் காரணம். ஆனால் சிம் வாங்கிய அன்று எந்தெந்தக் கட்டத்தில் டிக் விழுந்தது என்று யாருக்கு நினைவிருக்கும்? கஸ்டமர் கேருக்கு அடித்து, “என் நம்பரில் ஐஎஸ்டி அவுட்கோயிங் இருக்கிறதா? இருந்தால் எடுத்துவிடுங்கள்” என்று கேளுங்கள். சொன்னதற்குப் புகார் எண்ணோ எஸ்எம்எஸ்ஸோ வாங்கிக்கொள்ளுங்கள். இதனால் வெளிநாட்டிலிருந்து மகன் அடிக்கும் கால் நிற்காது, வாட்ஸ்அப் பேச்சும் நிற்காது. நிற்பது நாம் இங்கிருந்து போடும் வெளிநாட்டுக் கால் மட்டும்.

பிரீபெய்டில் போனால் மெயின் பேலன்ஸ் போகும், அவ்வளவுதான். அன்லிமிடெட் பேக் மட்டும் போட்டு பேலன்ஸ் பூஜ்ஜியமாக வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் காலே போகாது. உண்மையில் கவனமாக இருக்க வேண்டியவர்கள் போஸ்ட்பெய்டுக்காரர்கள். மாதக் கடைசியில் பில் வரும்போதுதான் விஷயமே தெரியும். கடை போன், ஆபீஸ் போன் என்றால், யார் அடித்தது என்று கண்டுபிடிப்பதே தனிப் பஞ்சாயத்து. போஸ்ட்பெய்டு வைத்திருந்தால் ஐஎஸ்டியை நிறுத்துவதோடு பில்லுக்கு ஓர் உச்சவரம்பும் போட்டுவையுங்கள்.

காசு போன பிறகு என்ன செய்வது? முதலில் கணக்கைப் பாருங்கள். டிராயின் 2012 விதிகளின்படி பிரீபெய்டு வாடிக்கையாளரும் கடந்த ஆறு மாதத்துக்குள் உள்ள தன் அழைப்புக் கணக்கை விவரமாகக் கேட்டு வாங்கலாம். அதற்கு 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. எந்த எண்ணுக்கு எத்தனை நிமிடம், எவ்வளவு பிடித்தார்கள் என்று அதில் இருக்கும். அதை வைத்துக் கம்பெனியின் புகார் மையத்துக்கு (பொதுவாக 198) அடித்துப் பதிவு செய்யுங்கள். தீர்வு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். கட்டணம் இல்லை, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும்.

பணம் கட்டாயம் திரும்பி வரும் என்று சொல்ல மாட்டேன். நாமே டயல் செய்த கால் என்பதால் கம்பெனி எளிதில் இறங்கி வராது. நீங்கள் சம்மதம் தராமலே ஐஎஸ்டி திறந்திருந்தது என்றால் வாதத்துக்குப் பலம் கூடும். அந்தச் சம்மதத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

அரசிடம் புகார் செய்ய சஞ்சார் சாத்தி தளமும் ஆப்பும் இருக்கின்றன. அதில் ‘சக்ஷு’ என்ற பகுதி 2024 மார்ச்சில் வந்தது. சந்தேகப்படும் காலையும் மெசேஜையும் அங்கே தெரிவிக்கலாம். ஆனால் இழந்த காசை மீட்டுத் தரும் இடம் அது இல்லை. பேச்சில் சிக்கி ஓடிபி கொடுத்து வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் கால் உள்ளூர் எண் போலத் திரையில் தெரிவது இன்னொரு வகை. அதற்கு 1963 அல்லது 1800110420.

மேல்முறையீட்டிலும் கம்பெனி கையை விரித்தால் நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறது. தொலைபேசிக் கம்பெனி மீது அங்கே வழக்குப் போட முடியாது என்று முன்பு ஒரு வாதம் உண்டு. முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டது.